காருக்கு வந்த பங்கு

“...எங்கள் பொறியாளர் செய்த சோதனையிலிருந்தும், தாங்களே ஒப்படைத்த ஓட்டப் பதிவேட்டில் நவம்பர் 18, 19 ஆகிய தேதிகளில் உள்ள குறிப்புகளிலிருந்தும், மேற்படி வண்டி படகு இழுக்கும் வேலைக்குப் பயன்படுத்தப்பட்டதும், அதற்குக் கூலியாக ஒரு கூடை மீன் பெறப்பட்டதும் தெரியவருகிறது. ஆகவே கிளட்ச் பழுதுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.”

கடிதத்தின் தேதி 1953 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை. மூலம் ஆங்கிலம்; தமிழாக்கியது நான். மவுண்ட் ரோட்டில் இருந்த ஒரு கார் விற்பனைக் கம்பெனி என் நண்பனுக்கு எழுதியது. அவனுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆகவே 24ஆம் தேதி வியாழக்கிழமை மாலை, வண்ணாரப்பேட்டையில் அவன் அண்ணனுடைய கயிற்றுக் கடையில் நின்றபடி, உறையைப் பிரித்து நான்தான் படித்துச் சொன்னேன்.

படித்து முடித்ததும் அவன் தேங்காய்நார்க் கட்டு ஒன்றை ஓரமாகத் தள்ளி வைத்தான். பிறகு கேட்டான்:

“கூலின்னா போட்டுக்கீறான்?”

“ஆமா.”

“அது கூலின்னு அவனுக்கு யாரு சொன்னது?”

பதிவேட்டை எழுதியவன் நான்.

இதில் சம்பந்தப்பட்டவர்கள் சிலர் இன்றும் இருப்பதால் பெயர்களை விட்டுவிடுகிறேன். தேதிகள் என் நாட்குறிப்பிலிருந்து எடுத்தவை. நினைவிலிருந்து மட்டும் எழுதும் இடங்களில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நண்பனை எனக்குத் துறைமுகத்தில்தான் பழக்கம். நான் அங்கே கப்பல் சரக்கு எண்ணிப் பதியும் எழுத்தர். அவன் குடும்பம் இரண்டு தலைமுறையாகக் கயிறு விற்றது. கப்பல்களுக்கும், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள மீனவர்களுக்கும். யுத்த காலத்தில் அவன் ராணுவ லாரி ஓட்டக் கற்றுக்கொண்டான். அதற்குப் பிறகு கடையில் உட்கார அவனுக்கு மனம் இல்லை. சொந்தமாக ஒரு வாடகைக் கார் ஓட்டவேண்டும் என்று ஐந்தாறு வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அண்ணனுக்குச் சம்மதம் இல்லை. “கயித்த வித்தா காசாவும், விக்காட்டி கயிறாவும் கெடக்கும். காரு நின்னா இன்னா கெடக்கும்? வெறும் தகரம்டா” என்று என் காதுபடவே சொன்னார். கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. கடையில் தம்பிக்கு இருந்த பாகத்தை அண்ணன் பணமாகக் கொடுத்துவிடுவார். கார் நிலைத்தால் தம்பி தன் வழியே போகலாம். நிலைக்காமல் திரும்பி வந்தால் கடையில் வேலை உண்டு; பாகம் கிடையாது. சம்பள ஆளாக இருக்கவேண்டும். இதைக் காகிதத்தில் எழுதவில்லை. ஆனால் நானும் அவர்கள் மாமா ஒருவரும் இருக்கும்போது சொன்னது.

1953 அக்டோபர் 5, திங்கட்கிழமை, புது வண்டி வந்தது. கறுப்பு நிறம். முன்பணம் கட்டியது போக மீதி, வெளியே வாங்கிய கடன்; அதற்கு மாதத் தவணை. காரைக் கொடுத்த விற்பனையாளர் கூடவே ஒரு சிறு புத்தகத்தையும் கொடுத்தார். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மூன்று மாத உத்தரவாதம். அதற்குள் பழுது வந்தால் கம்பெனி பொறுப்பு. ஆனால் தினமும் ஓட்டத்தை அந்தப் புத்தகத்தில் எழுதிவர வேண்டும் என்றார். தேதி, மைல், எங்கிருந்து எங்கே, பெட்ரோல், எண்ணெய் என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் ‘குறிப்பு’. அதை யாரும் நிரப்புவதில்லை, காலியாக விட்டால் போதும் என்று அவரே சொன்னார். இதுவும் நாட்குறிப்பில் இருக்கிறது. நான்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது இயல்பாக நடந்தது. வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு ராயபுரம் ஸ்டேஷனுக்கு எதிரில் இருந்த டீக்கடைக்கு நான் வருவேன். அவனும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வருவான். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்.

“எழுதிக்கோ மாமு. காலைல சவுகார்பேட்டைலேர்ந்து ஒரு சேட்டு. ஹார்பர் கேட்டு வரைக்கும். எறங்கி அரை அவுரு பேசிகினே நின்னான், வெயிட்டிங் கேட்டா மொறைக்கிறான்.”

“மைல் எவ்வளவு?”

“அத்த நீ போயி மீட்டர்ல பாத்துக்கோ. என் வாய நம்ப மாட்டியே நீ.”

நான் எழுந்து போய்ப் பார்ப்பேன். அவன் டீக்கடைக்காரரிடம் சொல்வான்: “பாரு நைனா, கவருமெண்டு போவுது. வழில காக்கா எச்சம் போட்ச்சு, அத்தயும் எழுதிக்கோன்னு சொல்லு.”

காக்கையை எழுதவில்லை. ஆனால் மற்றதையெல்லாம் எழுதினேன். என் வேலையில் அப்படித்தான். கப்பலிலிருந்து இறங்கிய மூட்டை ஒன்று எழுத்தில் விட்டுப்போனால் அந்த மூட்டை இல்லை என்று அர்த்தம். அதற்குப் பதில் சொல்லவேண்டியவன் எழுத்தர். வந்ததை வந்தது என்று எழுதுவதில் கெடுதல் வரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நவம்பர் 18, புதன்கிழமை, நான் காத்திவாக்கத்தில் இல்லை. அன்று நடந்ததை அவன் மாலையில் சொன்னபடியும், பிறகு அங்கிருந்த இரண்டு பேர் சொன்னபடியும் எழுதுகிறேன். மூவர் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

இறால் வியாபாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு அவன் அங்கே போயிருந்தான். இரண்டு நாளாகக் கடல் சரியில்லை. ஆண்களில் பாதிப் பேர் கழிமுகத்தில் இறால் பிடிக்கப் போயிருந்தார்கள். பெரிய வலை போடும் படகு ஒன்று ஆறு பேரோடு கரைக்குத் திரும்பியது. கட்டுமரம் என்றால் கட்டைகளைப் பிரித்துத் தோளில் தூக்கி வந்துவிடலாம். இது பலகைப் படகு. கரைக்கு அருகே அலை அதைக் குறுக்காகத் திருப்பிவிட்டது. கயிற்றைக் கரையில் எறிந்துவிட்டார்கள். பிடித்து இழுக்க ஆள் போதவில்லை. வலை சீர்செய்துகொண்டிருந்த கிழவர்களும் பத்துப் பன்னிரண்டு பெண்களும்தான்.

அந்தக் கரையில் ஒரு பழக்கம் உண்டு. கயிறு கரைக்கு வந்துவிட்டால், பக்கத்தில் நிற்பவன் யாராக இருந்தாலும் அதில் கை வைக்கவேண்டும். வழிப்போக்கன், தபால்காரர், உப்பள மேஸ்திரி, யாரும் கைகட்டி நிற்கக்கூடாது. என் நண்பன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். படகு அசையவில்லை. அப்போதுதான் திரும்பி, சாலை ஓரத்தில் நின்ற வண்டியைப் பார்த்தான். கயிற்றின் நுனியை வண்டியின் பின் அச்சில் கட்டினான்.

இறால் வியாபாரி சத்தம் போட்டாராம். “யோவ் பாய், நான் காரு வச்சிகினு வந்தது இறாலுக்குயா. வெயில்ல நாறிச்சின்னா நீயா துட்டு குடுப்பே?”

“நாறட்டும் செட்டியாரே. நீயும் வந்து புடி. ஆறு உசிரு அங்க கீது.”

செட்டியாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கயிற்றைப் பிடித்ததாகக் கேள்வி. இதை ஒருவர்தான் சொன்னார்.

ஒவ்வொரு அலையும் படகைத் தூக்கும் சமயம் பார்த்து, முதல் கியரில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்திருக்கிறான். இருபத்தைந்து நிமிஷம். “செருப்பு எரியிற மாரி ஒரு நாத்தம் மாமு, அவ்ளோதான்” என்றான் என்னிடம். படகு மேலே வந்தது. ஆறு பேரும் பிழைத்தார்கள். ஒருவருக்கு மட்டும் தோளில் அடி. அவன் செட்டியாரையும் இறாலையும் ஏற்றிக்கொண்டு பட்டணம் வந்து சேர்ந்தான். வண்டி எப்போதும்போல ஓடியது.

நான் எழுதியது: ‘காத்திவாக்கம் கரை. கயிறு கட்டிப் படகு இழுத்தது. 25 நிமிஷம், முதல் கியர்.’

மறுநாள், 19ஆம் தேதி, காத்திவாக்கத்திலிருந்து மீன் விற்க வரும் இரண்டு பெண்கள் ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் அவனைத் தேடி வந்தார்கள். அப்போது நானும் இருந்தேன். குப்பத்தின் தலைவர் அனுப்பியதாகச் சொல்லி, வாழைச் சருகில் சுற்றிய இரண்டு வஞ்சிரத்தை அவன் கையில் கொடுத்தார்கள். பிறகு ஒரு கூடையை இறக்கி வண்டியின் முன்னால் தரையில் வைத்தார்கள்.

“இது இன்னாத்துக்கும்மா?” என்றான்.

மூத்தவள் சொன்னாள்: “கைல குடுத்தது உன் பங்கு பாய். கூடை அதுக்கு.” முகவாயால் காரைக் காட்டினாள்.

“காருக்கா?”

“கயித்துல கை வெச்சவங்க எல்லாத்துக்கும் பங்கு உண்டுல்ல. அது இருவது ஆளு இழுப்பு இழுத்திச்சு. அதுக்கு மட்டும் இல்லேன்னா படகுக்கு ஆவாது. நேத்து ராவு பூரா இத்தத்தான் பேசிகினு இருந்தாங்க. காரு துன்னாது, இன்னாத்துக்கு அதுக்குன்னு ஒருத்தன் கேட்டான். தலைவரு அவன நல்லா வாங்கிட்டாரு.”

“அது பெட்ரோலுதான் துன்னும்.”

“அப்ப நீ துன்னுட்டு அதுக்கு பெட்ரோலு ஊத்து.”

இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். அன்று அவன் வீட்டில் மீன் சாப்பாடு, நானும் சாப்பிட்டேன். அதற்கு முன்பு, ஆறு மணிக்கு, வழக்கம்போல எழுதிவிட்டேன்: ‘படகு இழுத்ததற்காகக் காருக்குக் கிடைத்தது: மீன், ஒரு கூடை.’

அதை எழுதியபோது எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி இருந்தது. உலகத்தில் எந்தக் காரின் பதிவேட்டிலும் இப்படி ஒரு வரி இருக்காது என்று நினைத்தேன். இது நினைவிலிருந்து சொல்வது. நாட்குறிப்பில் இல்லை.

டிசம்பர் 7, திங்கட்கிழமை காலை, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ரயில்வே கேட் திறந்து வண்டிகள் நகர்ந்தபோது அவன் கார் நகரவில்லை. இன்ஜின் உறுமியது. கியர் விழுந்தது. ஆனால் இன்ஜினின் ஓட்டம் சக்கரத்துக்குப் போகவில்லை. பின்னால் நின்ற ஜட்காக்காரர்கள் திட்டினார்கள். சவாரியாக வந்த கப்பல் அதிகாரி இறங்கி நடந்து போய்விட்டார்.

தண்டையார்பேட்டையில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். தள்ளிக்கொண்டு போய் அவர் பட்டறையில் விட்டோம். நான் அன்று அரை நாள் விடுப்பு. மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு விரலை நீட்டினார்; விரலில் கறுப்பு எண்ணெய்.

“கிளட்சு பிளேட்டு போச்சு பாய். ஆனா பாரு, எண்ணெ சொட்டிகினு கீது. இன்ஜினுக்குப் பின்னால ஒரு சீலு இருக்கும். அது வுட்டுச்சின்னா எண்ணெ பிளேட்டு மேல எறங்கும். பிளேட்டு வழுக்கும், வழுக்கி வழுக்கி எரியும். புது வண்டில சீலு வுட்டா அது கம்பெனி தப்பு.”

“தொறந்து பாரேன்” என்றான் என் நண்பன்.

“தொறக்க மாட்டேன். நான் ஒரு போல்ட்டு கழட்டினேன்னு வெச்சுக்கோ, வெளி ஆளு கை வெச்சுட்டான்னு சொல்லிக் கை கழுவிடுவான். அப்பிடியே கொண்டும்போய் குடு.”

மறுநாள் துறைமுகத்து மாட்டு வண்டி ஒன்றை அமர்த்தி, காரை அதன் பின்னால் கட்டி மவுண்ட் ரோடு வரை இழுத்துப் போனோம். ஸ்டியரிங்கில் அவன்; பக்கத்தில் நான். மடியில் பதிவேடு. வழியெல்லாம் சொன்னார்கள். “இன்னா பாய், காருக்கு மாடு, மாட்டுக்கு இன்னா?” என்று ஒருவர். “புது மாடலு போல கீது” என்று இன்னொருவர். முதலில் அவனும் பதில் சொல்லிக்கொண்டு வந்தான். யானைகவுனி தாண்டிய பிறகு சொல்லவில்லை.

கம்பெனியில் பழுது பார்க்கும் பிரிவின் மேனேஜர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். உட்காரச் சொன்னார். எண்ணெய் சொட்டுவதைச் சொன்னோம், குறித்துக்கொண்டார். பதிவேட்டைக் கேட்டார். நான் கொடுத்தேன்.

“யார் எழுதியது?”

“நான்தான் சார்.”

“இவ்வளவு ஒழுங்காக எழுதி நான் பார்த்ததில்லை. வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் இப்படி எழுதினால் எங்களுக்கு வேலையே இல்லை.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஒரு பக்கத்தில் நின்றார். மேஜையிலிருந்து ஒரு சிறு காகிதத் துண்டை எடுத்து அங்கே வைத்து மூடினார். பதிவேடு இங்கேயே இருக்கட்டும் என்றார். அது எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் காத்திருந்தோம். பிறகு மேலே சொன்ன கடிதம்.

பதில் எழுதவேண்டியதும் நான்தான். உத்தரவாதம் ஜனவரி 4இல் முடிகிறது. 25, 26 ஆகிய இரண்டு நாட்களும் உட்கார்ந்து எழுதினேன். நான்கு பக்கம். கரையில் கயிறு பிடிப்பவருக்குப் பங்கு கொடுப்பது எவ்வளவு பழைய வழக்கம், பங்குக்கும் கூலிக்கும் என்ன வேறுபாடு, கூலி பேசிக் கொடுப்பது, பங்கு பேசாமல் வருவது என்றெல்லாம். நூலகத்தில் படித்த இரண்டு பழைய புத்தகங்களிலிருந்து குறிப்புகளும் சேர்த்தேன். அதன் நகல் இன்றும் என்னிடம் இருக்கிறது. சமீபத்தில் எடுத்துப் படித்தேன். எண்ணெய் சீலைப் பற்றி அதில் ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தின் அடியில். ஆறு உயிர் பிழைத்ததைப் பற்றி ஒன்றும் இல்லை.

கடிதம் மட்டும் போதாது, குப்பத்துத் தலைவரையே நேரில் கூட்டிப்போய் அது கூலி இல்லை என்று சொல்லவைக்கலாம் என்று யோசனை சொன்னதும் நான். காத்திவாக்கம் போய்க் கேட்டோம். உடனே ஒப்புக்கொண்டார். டிசம்பர் 29, செவ்வாய்க்கிழமை, வெளுத்த சட்டையும் தோளில் துண்டுமாக ஸ்டேஷனில் வந்து நின்றார். அறுபது வயது இருக்கும். பஸ்ஸில் போகும்போது என் நண்பன் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தான்.

“நைனா, அங்க அவன் கேப்பான். மீனு குடுத்தீங்களான்னு. சும்மா குடுத்தோம்னு சொல்லு. தெரிஞ்ச பையன், கயிறு விக்கிற வூடு, ஒரு பாசத்துல குடுத்தோம். அவ்ளோதான். வேற பேசாத.”

“செரி பாய்.”

“காருக்குன்னு சொல்லிடாத.”

“செரிப்பா. நான் இன்னா கொயந்தையா?”

மேனேஜர் அவரையும் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. மேனேஜர் என் நான்கு பக்கத்தை மேஜையில் வைத்துக்கொண்டு, நிதானமாகத் தமிழில் கேட்டார்:

“பெரியவரே, இவர் கார் உங்கள் படகை இழுத்ததா?”

“இழுத்திச்சுங்க. இல்லாட்டி என் தம்பி மவன் போயிருப்பான்.”

“அதற்காக மீன் கொடுத்தீர்களா?”

“தெரிஞ்ச பையங்க. பாசத்துல குடுத்தோம். சும்மா.”

நான் மூச்சு விட்டேன். மேனேஜர் பதிவேட்டைத் திறந்தார். காகிதத் துண்டு அங்கேயே இருந்தது.

“இதில் காருக்குக் கிடைத்தது என்று எழுதியிருக்கிறதே. சும்மா கொடுத்ததா, இழுத்ததற்குக் கொடுத்ததா? படகு இழுத்த காருக்கு நீங்கள் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று எழுதிக்கொள்ளலாமா?”

தலைவர் என் நண்பனைப் பார்த்தார். பிறகு மேனேஜரைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

“ஒண்ணுமே குடுக்கலன்னு எப்பிடிங்க எழுதுவீங்க? கயித்துல கை வெச்சதுக்குக் குடுக்காம வுட்டோம்னு நாளைக்கு ஊருல எவனாவது சொல்லிட்டா அந்தப் படகுல எவன் ஏறுவான்? குடுத்தோங்க. ஒரு ஆளுக்கு ரெண்டு மீனுன்னா காருக்கு ஒரு கூடை. எண்ணித்தான் குடுத்தோம். ஒரு மீனு கொறையல.”

“இழுத்ததற்கு.”

“ஆமாங்க. இழுத்ததுக்குத்தான். பின்ன சும்மாவா குடுப்பாங்க?”

மேனேஜர் எழுதிக்கொண்டார். சிரிக்கவில்லை. அவருக்கும் இதில் சந்தோஷம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. என் நண்பன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: கழற்றிய பிளேட்டில் எண்ணெய் படிந்திருக்கிறதா என்று பார்க்கலாமா என்று. அது பட்டறையில் இல்லை, மேலிடத்துக்குப் போயிருக்கிறது என்றார். எங்கே என்று அவன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். கேட்பதற்கு உரிய நாள் அதுதான்; அதற்குப் பிறகும் ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் நான் வேலைக்குப் போனேன், மூட்டை எண்ணினேன், வந்து தூங்கினேன். நாட்குறிப்பில் வானிலை மட்டும் எழுதியிருக்கிறேன்.

வெளியே வந்ததும் தலைவர் கேட்டார்: “செரியாத்தானே சொன்னேன் பாய்? கொஞ்சம் கோவமாப் பேசிட்டேனோ?”

“இல்ல நைனா. நல்லாச் சொன்ன.”

“உனுக்குக் குடுக்கலன்னு எயுதப் பாக்கிறான் பாரு, பேமானி.”

“ஆமா நைனா.”

அவரை பீச் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டோம். டிக்கெட் என் நண்பன் எடுத்தான். ரயில் போன பிறகு நாங்கள் பிளாட்பாரத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். சில சமயம் இன்றும் எதிர்பார்க்கிறேன்.

“நீ ஏன் அத்த எழுதின மாமு?” என்றான் கடைசியில். கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

“வந்தது. எழுதினேன்.”

“ம்.”

அடுத்த ரயில் வந்தது. அதிலும் ஏறவில்லை. அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “தலைவரு சொன்னதும் கரீட்டுதான்” என்றான்.

கம்பெனியின் இரண்டாவது பதில் டிசம்பர் 31 தேதியிட்டது. ஒரே வரி: முந்தைய முடிவில் மாற்றம் இல்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிளேட்டும் அதைச் சேர்ந்த பாகங்களும் அப்போது கப்பலில்தான் வரவேண்டும். விலையும் கூலியுமாகக் கேட்டது, வண்டி அந்த இரண்டு மாதம் ஓடிச் சேர்த்ததைவிட அதிகம். அதைக் கட்டினால் தவணை கட்ட முடியாது. தவணை கட்டினால் வண்டியை வெளியே எடுக்க முடியாது. குப்பத்தில் விஷயம் தெரிந்து, ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். இவன் வேண்டாம் என்றான். ஜனவரித் தவணை தவறியது, பிப்ரவரியும் தவறியது. மார்ச் முதல் வாரத்தில் கடன் கொடுத்தவர்கள் கம்பெனிக்கே போய் வண்டியை எடுத்துக்கொண்டார்கள். தேதி எனக்குத் தெரியாது. அந்த வாரத்துப் பக்கங்களை நான் எழுதவில்லை.

அவன் கயிற்றுக் கடைக்குத் திரும்பினான். அண்ணன் சொன்ன சொல் மாறவில்லை. குத்தலாகவும் ஒன்றும் பேசவில்லை. மாதக் கடைசியில் மற்ற ஆட்களோடு வரிசையில் நின்று தம்பி சம்பளம் வாங்கினான். ஒருநாள் நான் கடையில் இருந்தபோது வாடிக்கைக்காரர் ஒருவர் அவனைக் காட்டி, “இவரு பார்ட்னர்தானே?” என்று விலையில் குறைத்துக் கேட்டார். “அண்ணனக் கேளுங்க” என்று சொல்லிவிட்டுக் கயிறு அளக்கப் போய்விட்டான். என்னோடு முன்போலத்தான் பேசினான். டீக்கடைக்கு மட்டும் வருவதில்லை. கடை மூட ஏழு மணி ஆகும். அதுதான் காரணம் என்று சொல்வான். அது உண்மையாகவும் இருக்கலாம்.

எனக்கு அப்போது வருத்தம் இருந்ததா என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எதையும் எழுதக் கை வரவில்லை. வேலையில் எழுதினேன். சொந்தமாக எழுதவில்லை. ஏறக்குறைய ஒரு வருஷம் என் நாட்குறிப்பு தேதிகளும் மழையும்தான்.

1957இல், மாதம் ஆகஸ்டாக இருக்கலாம், ஒரு கல்யாணத்துக்குப் போக வாடகைக் கார் ஒன்றில் ஏறினேன். அதே மாடல். ஓட்டுநர் வியாசர்பாடிக்காரர். பேச்சுவாக்கில் கிளட்ச் எப்படி என்று கேட்டேன்.

“இப்ப நல்லா கீது சார். முன்னாடி இந்த செட்டுல வந்த வண்டில எல்லாம் பின் சீலு தகராறு. கம்பெனியே ஓனருங்கள கமுக்கமாக் கூப்ட்டு மாத்திக் குடுத்தான். எங்க மொதலாளி வண்டிக்கும் பிளேட்டோட சேத்து மாத்தினான். துட்டு வாங்கல.”

எந்த வருஷம் என்று கேட்டேன். தெரியாது, தான் வேலைக்குச் சேருவதற்கு முன்பு என்றார். முதலாளி யார் என்று கேட்டுக்கொண்டு அடுத்த வாரம் போனேன். அவர் வண்டிகளை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. கம்பெனிக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இந்த முறை ஒவ்வொன்றும் அரைப் பக்கம். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, அந்தக் காலத்துப் பழுதுக் குறிப்புகள் இப்போது தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது.

ஆகவே, 1953ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விற்ற வண்டிகளில் சீல் குறை இருந்ததா, அதைக் கம்பெனி செலவு வாங்காமல் மாற்றிக் கொடுத்ததா, அப்படியானால் அது என் நண்பனின் வண்டியை மறுத்த டிசம்பருக்கு முன்பா பின்பா என்பது எனக்கு உறுதியாகவில்லை. ஒரு ஓட்டுநர் கேள்விப்பட்டுச் சொன்னது; அவ்வளவே. உறுதியாகாததால் இதை நான் இன்னும் நண்பனிடம் சொல்லவில்லை.